தாரா பொறுக்கிகள்

போன வருஷம் கெம்பஸ் நூலகத்தில், பழைய ஆங்கிலப் புத்தகங்கள் தூசி பிடித்துக் கிடக்கும் ஒரு அடுக்கில், தாரா வேட்டைக் கைநூல் ஒன்று மாட்டியது. அமெரிக்காவில் அச்சானது. நாங்கள் தேடிப் போனது வேறு எதையோ. அசைன்மென்ட் கொடுக்க ரெண்டு நாள்தான் இருந்தது. ஆனாலும் நின்றபடியே ஒரு அத்தியாயத்தை முழுதாக வாசித்து முடித்தோம். மரப்பொந்தில் முட்டையிடும் ஒரு தாராவை வெற்றிகரமாகச் சுடுவது எப்படி என்று அதில் எழுதியிருந்தது. முதல் நாளே போய் இடம் பார்த்து வை. சூரியன் வருவதற்கு அரை மணி முந்தியே போய் உட்கார். அசையாதே. முகத்தை மறை. விழுந்ததை எடுக்க நல்லாப் பழக்கிய நாய் ஒன்று வைத்துக்கொள்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். ராத்திரி தோட்டத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. "சுடுறது இருக்கட்டும். பொறுக்குறதப் பத்தி என்னா போட்டிருக்கு?"

"அதுக்கு நாய் வச்சிக்கணுமாம்டா."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு மூன்று நொடிக்கு ஒரு குரல் பதிவு. அதில் அவன் "லொள்" என்று குரைத்தது மட்டும்தான் இருந்தது.

நாங்கள் நாலு பேர். அண்ணன் தம்பி ரெண்டு பேர், பெரியம்மா மகள் அக்கா, பக்கத்துக் காம்பரா பையன் ஒருத்தன். இன்றைக்கு ரெண்டு பேர் கெம்பஸில், ஒருத்தன் கொழும்பில் கடையில், தம்பி தோட்டத்தில். இதை எழுதுவது ஒரு கைதான். ஆனால் நாலு பேரும் வாசித்து, சில இடத்தில் சண்டை பிடித்து, திருத்தி அனுப்பியது. அதனால் "நாங்கள்" என்றே இருக்கட்டும். தாராவைச் சுடுபவர்களுக்கு எத்தனையோ புத்தகம் இருக்கிறது. பொறுக்குபவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குறிப்பு எங்களிடம் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் தோட்டம் இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளைக்கும் காவத்தைக்கும் இடையில். பேர் வேண்டாம். நுவரெலியாப் பக்கத்து ஆட்கள் வந்தால் "இதெல்லாம் ஒரு மலையா?" என்பார்கள். மேலே தேயிலை, அதற்குக் கீழே றப்பர், றப்பருக்குக் கீழே நாட்டு ஆட்களின் வயல். வயலுக்கு நடுவில் மாணிக்கக் குழிகள். தோண்டுகிற குழி கொஞ்சம், தோண்டிவிட்டுப் போன குழி நிறைய. தோண்டி முடித்தால் மூடவேண்டும் என்று விதி இருக்கிறது, அதற்காக வைப்புப் பணமும் வாங்குகிறார்கள். ஆனாலும் மூடாத குழிகளை எங்கள் பக்கம் தேடிப் போகத் தேவையில்லை, பார்த்து நடக்காவிட்டால் அதுவே உங்களைத் தேடி வரும். மழை பெய்தால் நிரம்பும். மேலே சல்வினியாப் பாசி படர்ந்துவிட்டால் குழியா தரையா என்று தெரியாது.

அந்தக் குழியும் வயலும்தான் தாராவுக்கு வீடு. புத்தகத் தமிழில் சீழ்க்கைச் சிறகி, சிங்களத்தில் தம்ப சேருவா, எங்கள் லயத்தில் விசில் தாரா. பழுப்பு நிறம், அரைக் கிலோ வந்தால் பெரிசு. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். பகல் முழுக்கப் புல்லுக்குள் கூட்டமாய்த் தூங்கும். இருட்டினால்தான் மேய்ச்சல்: நெல்லு, நத்தை, தண்ணிச்செடி. தாரா என்றால் தண்ணியில்தான் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இதைப் பார்த்தால் குழம்பிப் போவார்கள். இது மரத்தில் ஏறி உட்காரும். பொந்தில் முட்டை போடும். குஞ்சு பொரித்ததும் ஒவ்வொன்றாய் மேலேயிருந்து கீழே குதிக்கும், ஒன்றும் ஆகாது.

முட்டை எடுத்துக் கோழிக்கு அடை வைத்த கதையும் உண்டு. ஒன்பது முட்டையில் நாலு பொரித்தது. லயமே வந்து பார்த்தது. மறுநாள் காலையில் நாலும் கானில் இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டன. கோழி மட்டும் கான் ஓரத்தில் ரெண்டு நாள் கத்திக்கொண்டு நின்றது. பெரியம்மா எங்களைத்தான் ஏசினார்கள்.

பொறுக்கும் வேலை வந்தது 2022இல். அந்த வருஷத்தைப் பற்றி இதை வாசிக்கிற யாருக்கும் புதிதாய்ச் சொல்லவேண்டியதில்லை. எண்ணெய் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. ஒரு நாள் பேர் 1,000 ரூபாய், அதுவும் கொழுந்து நிறை வந்தால். முழுப் பேரைக் கொடுத்தாலும் கடையில் ஒரு கிலோ கோழி வராது. செப்டம்பரில் கொழும்புக் கணக்குப்படி உணவுப் பொருள் பணவீக்கம் 94.9 வீதம் என்று பிறகு வாசித்தோம். எங்களுக்கு அந்த வீதம் முட்டையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு முட்டை வாங்கி, வெங்காயத்தை அள்ளிப் போட்டுப் பொரித்து, ஆறாய் வெட்டுவார்கள்.

கீழே வயல்காரருக்கும் அந்த வருஷம் நல்லதாய் இல்லை. அதற்கு முந்தைய வருஷம் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரே அடியாய் நிறுத்தியதில் நெல் விளைச்சல் படுத்துவிட்டது. கிடைத்த கொஞ்ச நெல்லையும் தாரா இறங்கி மிதித்துப் போட்டால் மனிதருக்குக் கோபம் வராதா? அவரிடம் காட்டுப்பன்றிக்கென்று வாங்கிய லைசன் துவக்கு ஒன்று இருந்தது, ஒற்றைக் குழல். ஒரு நாள் றப்பர் மலையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த எங்களைக் கூப்பிட்டார். "கொல்லோ, மெஹே என்ட." அவர் சுடுவார், நாங்கள் இறங்கி எடுத்துவர வேண்டும். நாலு விழுந்தால் ஒன்று எங்களுக்கு. அவருக்கு வயது அறுபதுக்கு மேல், முழங்கால் வருத்தம். நாங்கள் அவரை மாமே என்றோம், அவர் எங்கள் எல்லாரையும் கொல்லோ என்றார், அக்காவையும் சேர்த்துத்தான். கொல்லோ என்றால் பையன்கள். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கும்.

அக்காவுக்கு வயலில் இறங்க அனுமதி இல்லை. பொழுது சாய்ந்தால் பெரியம்மா ஆளைத் தேடுவார்கள். அதனால் றப்பர் மலை விளிம்பில், லயத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றது. அங்கிருந்துதான் இந்தத் தொழிலின் முதல் பாடத்தைக் கண்டுபிடித்தது. தாரா விழும்போது தாராவைப் பார்க்காதே, அது விழுகிற கோட்டைப் பார். பின்னால் ஒரு கித்துல் மரம், முன்னால் ஒரு வெருளி, ரெண்டுக்கும் நடுவில் என்று மனதில் கட்டு. கண்ணை எடுக்காதே. வயலுக்குள் இறங்கியவனுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேலே நிற்பவர் டோர்ச் அடித்து வலது இடது காட்டினால்தான் உண்டு.

ரெண்டாவது, காது. ஆறேகால், ஆறரைக்குச் சூரியன் றப்பருக்குப் பின்னால் போனதும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். முதலில் சத்தம்தான் வரும், மெல்லிய ரெண்டு எழுத்து விசில், பறந்துகொண்டே கூப்பிடும். ஒன்று கூப்பிட இன்னொன்று பதில் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு, கூட்டத்தில் எத்தனை என்று தம்பி சொல்லத் தொடங்கினான். முதலில் நாங்கள் நம்பவில்லை. பிறகு மாமேயே அவனைத்தான் கேட்பார், "கீயத, மல்லி?" என்று.

மூன்றாவது, அடிபட்டது செத்தது இல்லை. சிறகில் மட்டும் பட்டிருந்தால் விழுந்த வேகத்திலேயே முங்கிவிடும். நாம் அங்கே போய் நின்று தண்ணியைத் துழாவுவோம். அது பத்தடி தள்ளி, புல்லோடு புல்லாய், மூக்கு நுனியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு இருக்கும். அசையாமல் நின்றால் புல் நுனி ஒன்று மட்டும் காற்றில்லாமல் ஆடும். அங்கே கையை விட வேண்டும். பிறகு செய்யவேண்டியதை எங்கள் நாலு பேரில் ஒருத்தன்தான் செய்தான். யார் என்று எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறான்.

உடுப்பைப் பற்றியும் அந்த அமெரிக்கப் புத்தகம் ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறது. எங்களுடையது அம்மா கொழுந்தெடுக்கக் கட்டுகிற படங்கு. பழைய படங்கில் சேறும் தேயிலைச் சாயமும் ஏறி, எந்தக் கம்பெனியும் அச்சடிக்க முடியாத நிறம் ஒன்று இருக்கும்.

இறைச்சி? மனம் நோகாமல் சொல்வதென்றால், சேறு நாறும். கொறக்கா கொஞ்சம் அதிகம் போட்டு, மிளகு அரைத்து, ரெண்டு தரம் கொதிக்கவிட்டால் சாப்பிடலாம். உரித்தால் உள்ளங்கை அளவுதான், ஆறு பேருக்கு. ஈயக் குண்டு பல்லில் மாட்டும். அமெரிக்காவில் தண்ணிப் பறவை வேட்டைக்கு ஈயக் குண்டை 1991இலேயே முழுதாக நிறுத்திவிட்டார்கள், பறவை தின்று சாகிறது என்று. தின்கிற மனிதருக்கும் அது நஞ்சுதான். நாங்கள் அந்தக் குண்டுகளை ஒரு போத்தல் மூடியில் சேர்த்து வைத்து விளையாடினோம்.

தாத்தா மட்டும் அந்தக் கறியைத் தொடவில்லை. எங்களுக்கு அது புரியவில்லை. ஒரு நாள் இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னார்.

அவர் சின்னப் பையனாய் இருந்தபோது, தோட்டங்கள் கம்பெனி கையில் இருந்த காலம். 1975இல்தான் அரசாங்கம் அவற்றை எடுத்தது. ஒக்டோபருக்குப் பிறகு வடக்கிலிருந்து உள்ளான் வந்து இறங்கும். துரைமாருக்கு அதைச் சுடுவது ஒரு பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை பங்களாவிலிருந்து ரெண்டு மூன்று துரைமார் துவக்கோடு வயலுக்கு இறங்குவார்கள். பின்னால் லயத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர். வரிசையாய் நின்று சத்தம் போட்டு உள்ளானைக் கிளப்புவது, விழுந்ததைப் பொறுக்கிப் பையில் போடுவது. "நாங்க நிக்கிற பக்கந்தாண்டா சுடுவானுங்க. குனிஞ்சிக்கணும்." விசில் தாராவைத் துரைமார் சட்டை செய்வதில்லை. இறைச்சி நாறும், அதோடு சுடுவதற்குச் சுலபம், அதில் பெருமை இல்லை. சும்மா சுட்டுப் போட்டால் பையன்கள் எடுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் எங்கள் குடும்பத்துக்குள் இந்தக் கறி வந்தது.

இந்த நாட்டில் வேட்டையைப் பற்றி எழுதிவைத்தவர்கள் எல்லாருமே துவக்குப் பிடித்தவர்கள்தான். 1850களில் நுவரெலியாவில் இருந்த சாமுவேல் பேக்கர் தன் துவக்கையும் நாய்களையும் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அவருக்கு முந்தி, பதுளைப் பக்கம் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேல் யானை சுட்டதாகச் சொல்வார்கள், கடைசியில் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். ஆயிரம் யானை விழுந்த இடத்துக்கெல்லாம் முன்னால் நடந்து தடம் பார்த்தவன் யார், தந்தம் வெட்டிச் சுமந்தவன் யார்?

தாத்தா கறியைத் தொடாததற்கு அது மட்டும் காரணம் இல்லை. 1977இலும் 1981இலும் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் புகுந்து அடித்தார்கள், லயங்களைக் கொளுத்தினார்கள். எங்கள் ஆட்கள் ரெண்டு ராத்திரி தேயிலைக்குள் படுத்துக் கிடந்தார்கள். அதற்குப் பிறகு தாத்தா வயல் பக்கம் இறங்கியதே இல்லை. "நாட்டாளுங்க எல்லாரும் அப்பிடி இல்ல. நமக்கு அரிசி குடுத்ததும் அவங்கதான். ஆனா இருட்டுல, துவக்குச் சத்தம் கேக்குற எடத்துல நம்ம புள்ளைங்க நிக்கப்படாது." நாங்கள் தலையை ஆட்டினோம். மறுநாளும் போனோம்.

இப்போது நாலாவது பாடம். இதைத்தான் எழுதலாமா வேண்டாமா என்று நாலு பேரும் அதிகம் சண்டை பிடித்தோம்.

துவக்குச் சத்தம் கேட்டால் பறவை பறந்து போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விசில் தாரா போகாது. எழும்பும், கத்தும், ஒரு வட்டம் அடிக்கும், திரும்ப அதே இடத்துக்கு மேலே வரும். விழுந்ததைக் கூப்பிடும். அதே ரெண்டு எழுத்து. கீழே அடிபட்டது உயிரோடு இருந்தால் அதுவும் பதில் சொல்லும். திரும்பவும் வட்டம், இன்னும் தாழ்வாக. ஆகவே பொறுக்குபவனுக்கு உள்ள சட்டம்: முதல் வெடிக்கு எழும்பாதே. "இன்ட, இன்ட. ஆய எனவா." இருங்க, திரும்ப வரும். மாமே சொன்னது சரி, ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்தது. ஒரு தோட்டாவுக்கு விழுந்தது ஒன்று, அது விழுந்ததால் விழுந்தது ரெண்டு மூன்று.

எங்களுக்கு நாலில் ஒன்று கிடைத்த கணக்கெல்லாம் இந்த வட்டத்தால்தான். திரும்பி வராத பறவையாய் இருந்திருந்தால் ஒரு நாளைக்கு ஒன்றோடு முடிந்திருக்கும், எங்களுக்குப் பங்கே வந்திராது. முதல் கிழமை இதை ஒரு நல்ல உபாயம் என்றுதான் எடுத்துக்கொண்டோம். நாலாவது ஐந்தாவது நாள் அக்கா மேலேயிருந்து டோர்ச் காட்டவில்லை. கேட்டால் பேட்டரி முடிந்தது என்றது. பேட்டரி முடியவில்லை.

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு நாள், தாரா ஒன்று பழைய குழிக்குள் விழுந்தது. தம்பிக்கு அப்போது 14 வயது, எங்களில் லேசானவன், வேகமானவன். குழி ஓரம் இடிந்துவிடும் என்று அவனுக்கும் தெரியும். பாசி மேலே தாரா கிடந்தது, கை நீட்டினால் எட்டும் போல. எட்டவில்லை. ஓரத்து மண்ணோடு உள்ளே போனான். மாணிக்கக் குழிக்கு உட்பக்கம் மரம் அடுக்கி, கெக்கில்லச் செடி திணித்து மண்ணைத் தாங்குவார்கள். அந்த மரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். அது உக்கிப்போன மரம், ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் படங்கை முறுக்கிக் கயிறாய் விட்டு இழுத்து எடுத்தோம். தண்ணி குடித்திருந்தான், உள்ளங்காலில் கிழிசல். மறு கையில் தாரா இருந்தது, விடவில்லை. அன்றைக்குப் பங்கு பார்க்காமல் மாமே ரெண்டு தாரா கொடுத்தார்.

ஒன்பதாவது நாள் காய்ச்சல். டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்தார்கள், டெங்குவாய் இருக்கலாம், பார்ப்போம் என்றார்கள். கெண்டைக்கால் வலிக்கிறது, நடக்க முடியவில்லை என்று அழுதான். கண் ரெண்டும் சிவந்து போயிருந்தது. மூன்றாம் நாள் சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி, அப்புறம் அதுவும் நின்றுபோனது. எண்ணெய் இல்லாத நாட்டில் ஒரு ஓட்டோவைப் பிடித்து இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது இன்னொரு கட்டுரைக்கு ஆகும்.

டொக்டர் முதலில் கேட்டதே அதுதான். "வயல்ல எறங்குனீங்களா? குழி, கான், ஏதாவது தண்ணியில நின்னீங்களா?"

நாங்கள் இல்லை என்றோம். "பீலியில மட்டுந்தான் குளிச்சது சேர்." நாலு பேரும் ஒரே பொய்யை ஒரே மாதிரிச் சொன்னோம். தம்பியும் படுத்துக்கொண்டே அதையே சொன்னான். ஏனென்றால் தாரா சுடுவது குற்றம் என்று எங்களுக்குத் தெரியும். வனவிலங்குச் சட்டம் 1937இலிருந்தே இருக்கிறது, திருத்தித் திருத்தி இன்றைக்கு ஒரு சில பறவைகளைத் தவிர எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. துவக்கு நம்முடையது இல்லை. ஆனால் பொலிஸ் வந்தால் யாரைப் பிடிக்கும் என்று லயத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நாங்களாகவே வாயை மூடிக்கொண்டோம். ரெண்டு நாள்.

அந்த ரெண்டு நாளைத்தான் இன்றைக்கும் ராத்திரியில் எண்ணிப் பார்க்கிறோம்.

மூன்றாம் நாள் மாமே வந்தார். தம்பிலி ரெண்டு கையில், வெள்ளைச் சாரம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்திருந்தார். அம்மாவைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் நேரே டொக்டரிடம் போனார். "மம தமய் எக்கங் கியே." நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வயலில் இறங்கியது, குழிக்குள் விழுந்தது, கால் கிழிந்தது, தன் துவக்கு, தாரா, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். டொக்டர் துவக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எந்தத் திகதியில் விழுந்தான் என்று மட்டும் கேட்டார்.

எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் இருந்து தண்ணிக்கு, தண்ணியில் இருந்து காயத்துக்கு. இரத்தினபுரியும் கேகாலையும் இந்த நோய்க்குப் பேர் போன மாவட்டங்கள், நெல் வயலும் குழியும் மழையும் சேர்ந்த இடம். 2008இல் நாடு முழுக்க 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது, 200 பேர் அளவில் செத்தார்கள். நேரத்துக்குக் கண்டால் மருந்துக்குக் கேட்கிற நோய்தான், பிந்தினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும். தம்பிக்குச் சிறுநீரகத்தைப் பிடித்திருந்தது. மூன்று தரம் இரத்தம் சுத்திகரித்தார்கள். 19 நாள் வாட்டில் இருந்தான்.

வயலிலும் குழியிலும் இறங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே கிழமைக்கு ஒரு தரம் டொக்சிசைக்ளின் குளிசை கொடுக்கிறார்கள், இலவசமாய். மாமேயின் வீட்டில் அலமாரியில் அந்தக் குளிசை இருந்தது. அவர் விவசாயி, பட்டியலில் பேர் உண்டு. நாங்கள் விவசாயியும் இல்லை, குழி வேலைக்காரரும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், வயலில் எங்களுக்கு என்ன வேலை? தாரா பொறுக்குகிறவர் என்று ஒரு பட்டியல் எங்கும் இல்லை. மாமேக்கும் அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் நாங்கள் நம்புகிறோம், அக்காவைத் தவிர. அக்கா இந்த வரியை எடுக்கச் சொன்னது. எடுக்கவில்லை.

ஆகவே ஐந்தாவது குறிப்பு, இதை மட்டும் நேராகச் சொல்கிறோம். கீழே வயலிலோ குழியிலோ எதற்காக இறங்கினாலும், மாட்டைப் பிடிக்கவோ மீன் பிடிக்கவோ பந்து எடுக்கவோ, காலில் காயம் இருந்தால் இறங்காதீர்கள். இறங்கவேண்டி வந்தால் பக்கத்து சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் அந்தக் குளிசையைக் கேளுங்கள். காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் வலித்தால், கண் சிவந்தால், டொக்டர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். எதைச் சுட்டீர்கள், யாருடைய துவக்கு என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை.

அந்த அமெரிக்க மரத்தாராவின் கதையையும் முடித்துவிடுகிறோம். நூறு வருஷத்துக்கு முந்தி அது அழியப் போகிறது என்று பயந்தார்கள். பெரிய மரங்களை வெட்டியதில் பொந்து இல்லை, கணக்கில்லாத வேட்டை வேறு. 1918இல் சட்டம் போட்டுச் சுடுவதை நிறுத்தினார்கள். பொந்துக்குப் பதிலாய்ப் பலகைப் பெட்டி செய்து தண்ணி ஓரங்களில் ஆயிரக்கணக்கில் நட்டார்கள். 1941இல் அளவோடு சுடத் திரும்ப அனுமதி வந்தது. இன்றைக்கு அங்கே அதிகம் சுடப்படும் தாராக்களில் அதுவும் ஒன்று, ஆனாலும் குறையவில்லை. லைசன், பருவம், ஆளுக்கு இத்தனை என்று கணக்கு. வாசிக்கும்போது கொஞ்சம் பொறாமையாய் இருந்தது என்பதை மறைப்பானேன். வேட்டைக்காரன் தன் பேரில் ஒரு கார்டோடு பகல் வெளிச்சத்தில் போய்வருகிற நாடு.

மாமே அதற்குப் பிறகு தாரா சுடவில்லை. தோட்டா விலை ஏறியதால் என்று அவர் சொல்கிறார். கண்ணில் வெள்ளையும் விழுந்திருக்கிறது. அறுவடைக்கு அரிசி ஒரு மரக்கால் லயத்துக்கு அனுப்புவார், அம்மா தோசை சுட்டுத் திருப்பி அனுப்புவார்கள். தாத்தா போன வருஷம் காலமாகிவிட்டார். சாவுக்கு மாமே வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரு தடவைகூட நேரில் பேசியதில்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தம்பி வயலுக்கு இறங்குவதில்லை. தண்ணியைக் கண்டால் கால் நின்றுவிடுகிறது என்கிறான். இந்தச் சித்திரை லீவுக்கு நாலு பேரும் வீட்டில் இருந்தோம். பொழுது சாயும் நேரம் அக்காவும் அவனும் றப்பர் மலை விளிம்பில் போய் உட்கார்ந்தார்கள், நாங்களும் பின்னால் போனோம். கீழே உழவுக்குத் தண்ணி கட்டியிருந்தது. சூரியன் போனதும் யாரும் சொல்லாமலே பேச்சு நின்றது. முதலில் ஒன்று கூப்பிட்டது, பிறகு பதில், பிறகு எங்கள் தலைக்கு மேலாகவே கூட்டம் போனது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

"பதினேழு," என்றான் தம்பி.

கொஞ்சம் பொறுத்து அக்கா சொன்னது: "இரு. ஒண்ணு பின்னாடி தனியா வருது."